12 நாளில இலங்கையச் சுத்தலாமா? ஆடியில கனடா மச்சாள் வாறா, வழி சொல்லுங்க

கல்லடிப்பாலம் | வெள்ளி இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ஆடி மாசம் கனடாவில இருந்து மாமாட மகள் வாறா. பொறந்து வளந்ததெல்லாம் அங்கதான். தமிழ் நல்லா விளங்கும், கதைக்கக் கொஞ்சம் தடக்கும். லீவு 12 நாள். "கடற்கரை ஹோட்டல்ல கிடக்க நான் வரல்ல, நாட்டில இரிக்கிற எல்லாச் சனத்தையும் பாக்கோணும்" எண்டு முதல்லயே சொல்லிப் போட்டா.

நான் போட்ட திட்டம்: மட்டக்களப்பு – கண்டி – நுவரெலியா – சிவனொளிபாத மலை – எல்ல – கதிர்காமம் – காலி – கொழும்பு – அனுராதபுரம் – யாழ்ப்பாணம் – நயினாதீவு – திருகோணமலை – வீடு. வான் ஒண்டு பேசியிரிக்கம். அம்மா (64), நான், மனிசி, 8 வயசு மகன், மச்சாள். அம்மாட ஒரே நிபந்தனை கதிர்காமம். எனக்குச் சிங்களத்தில "கீயத" (எவ்வளவு) மட்டும்தான் தெரியும்.

சரிவருமா? பிழை இருந்தாத் திருத்துங்க.

பழைய_கார்ட் | வெள்ளி இரவு 10.03

தம்பி, ரயிலுக்குக் கொடி காட்டியே தலை நரைத்தவன் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 11 இடம், 12 நாள். மச்சாள் பார்க்கப் போவது வான் கண்ணாடியையும் உங்கள் பிடரியையும்தான்.

முதலில் சிவனொளிபாத மலையை வெட்டுங்கள். அங்கே ஏறும் காலம் டிசம்பர் பூரணையில் தொடங்கி வெசாக்கோடு முடிந்துவிடும். ஆடியில் படியில் விளக்கு எரியாது, தேத்தண்ணிக் கடை இருக்காது, மழையும் காற்றும் மட்டும் இருக்கும். 2243 மீற்றர் மலை, கூட வருவது பேரனும் பாட்டியும். பௌத்தருக்கு அது புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை, கிறிஸ்தவரில் சிலர் தோமையார் பாதம் என்பார்கள். ஒரு பாறைக் குழிக்கு நாலு உரிமைக்காரர். ஆனால் நீங்கள் போகிற மாதத்தில் அந்த நாலு பேரில் ஒருவரையும் அங்கே காண மாட்டீர்கள்.

இரண்டாவது, பொலனறுவையை ஏன் விட்டீர்கள்? காலையில் புறப்படும் உதயதேவி ரயிலில் ஏறினால் மத்தியானத்துக்கு முன் அங்கே நிற்கலாம். வழியில் மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது மகனை எழுப்பிக் காட்டுங்கள். 2007இல் புதுப்பாலம் திறக்கும் வரை ரயிலும் பஸ்ஸும் லொறியும் அந்த ஒரே இரும்புப் பாலத்தால்தான் போய்வந்தன. பொலனறுவையில் தலதா (புத்தரின் பல்) இருந்த அட்டதாகேக்குப் பக்கத்தில் ஒரு கல் நிற்கிறது. கூலிப்படையான வேளைக்காரப் படை, புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலை நாங்கள் காப்போம் என்று உறுதி கொடுத்த கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டு. பெரும்பாலும் தமிழ். வழிகாட்டிகள் அதைக் காட்டாமலே கடந்து போவார்கள், நீங்களாகக் கேட்க வேண்டும். கொஞ்சம் வடக்கே வானவன்மாதேவி ஈச்சரம், ராசேந்திர சோழனின் தாய் பேரில் கட்டிய கற்கோயில். இன்றும் விளக்கு வைக்கிறார்கள்.

சும்மாஒருவன் | வெள்ளி இரவு 10.40

எனக்கு இந்த "எல்லாச் சனத்தையும் பாக்கோணும்" என்ற கதையே பிடிக்கேல்ல. சனம் என்ன மிருகக்காட்சிச்சாலையா? கண்டியில ஒரு நடனம், தோட்டத்தில ஒரு கூடை, யாழ்ப்பாணத்தில ஒரு கோபுரம், தபால் அட்டை மாதிரி அடுக்கிப்போட்டு "பல்லின நாடு" எண்டு போட வேண்டியதுதான். போற வழியில பெயர்ப்பலகையில தமிழப் பாருங்க, அதில தெரியும் நாடு. பஸ்ஸுக்குள்ள "கர்ப்பிணித் தாய்மார்" "நாய்மார்" ஆன படம் எல்லாரும் பாத்ததுதானே.

கொழுந்துக்கூடை | வெள்ளி இரவு 11.15

சும்மாஒருவன் அண்ணே சொல்றதுல பாதி சரி. நான் அட்டன் பக்கம் தோட்டத்துல பொறந்தவ, இப்ப படுவான்கரையில ஒரு ஸ்கூல்ல படிப்பிக்கிறேன். எல்லக்கும் நுவரெலியாவுக்கும் வர்றவங்க வானை ரோட்டோரமா நிப்பாட்டி, மலையில தேயிலைக் கொழுந்து எடுக்கிற எங்கம்மா மாதிரி ஆளுங்ககிட்ட கூடைய வாங்கி மாட்டிக்கிட்டு போட்டோ எடுப்பாங்க. பேரு கூடக் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு நாள் முடியிறப்ப கொழுந்து நிறுக்கணும், கிலோ கொறஞ்சா சம்பளம் கொறையும். நீங்க நிப்பாட்டுற பத்து நிமிஷம் அவங்க நேரம்.

போகாதீங்கன்னு சொல்லல. போனா கோயில் பக்கம் போங்க, லயத்துல யாராவது கூப்பிட்டா உக்காந்து டீ குடிங்க. 1820கள்ல கோப்பித் தோட்டத்துக்கு வந்து எறங்கி, மன்னார்ல இருந்து காட்டு வழியா நடந்தே மாத்தளைக்குப் போன ஆளுங்க பேரப் புள்ளைங்க நாங்க. 2023ல தான் 200 வருஷம்னு எல்லாரும் பேசினாங்க. 1948ல குடியுரிமை போனத மச்சாளுக்குச் சொல்லிட்டு அப்புறம் மலைய காட்டுங்க. எங்க தமிழக் கேட்டுட்டு "நீங்க இந்தியாவா?"ன்னு மட்டும் கேக்க வேணாம். மட்டக்களப்புல இத என்கிட்ட கேக்காத ஆளு கொறைவு, சிரிச்சுக்கிட்டேதான் சொல்றேன்.

காத்தான்குடி_காக்கா | சனி காலை 6.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கல்லடித் தம்பி, கண்டிக்கு ஓட முதல் மச்சாள எங்கட ஊருக்கு ஒரு பின்னேரம் கூட்டி வாங்க. உங்கட பாலத்தத் தாண்டினாக் கொஞ்ச நேரம்தான். மரபுரிமை அருங்காட்சியகம் இரிக்கி, பழைய ஊட்டுச் சாமான், மீன்பிடி, கலியாணச் சடங்கு எல்லாம் உருவம் செஞ்சி வெச்சிரிக்காங்க. அதுல ஒண்டு காட்டிச் சொல்லுங்க: குடி தாய் வழியா வாறது, ஊடு பொம்புளப் புள்ளைக்குப் போறது, மாப்பிள பொண்டாட்டி ஊட்டுக்குப் போய் இரிக்கிறது. நாங்களும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான். மட்டக்களப்பாரு வேற எங்கயும் போய் இத விளங்கப்படுத்தினா ஒருக்காச் சிரிப்பாங்க.

வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுக நேரம் வராதீங்க, கட எல்லாம் மூடிக் கிடக்கும். தோள், முழங்கால் மூடின உடுப்பு. அவ்வளவுதான், ஆரும் கடிக்க மாட்டம்.

கதிர்காமம் போறீங்கதானே, அங்க பள்ளிவாசல் ஒண்டும் இரிக்கி, கோயிலுக்குப் பக்கத்துல. கிள்ர் நபிட பேருல. விழா நேரம் அங்கயும் கொடியேத்துவாங்க. எங்கட ஊருல இப்ப ரெண்டு கருத்து, அடக்கஸ்தலத்துக்கும் கொடிக்கும் போறது கூடாது எண்டு ஒரு பகுதி. எங்கட வாப்பா ஒவ்வொரு வருஷமும் போனவர், நான் போறல்ல. ஆனா அம்மாவக் கூட்டிப் போய்க் காட்டுங்க.

டச்பார்_பொடியன் | சனி காலை 8.05

சிங்களவர் தமிழர் முஸ்லிம் எண்டு மூண்டோட முடிச்சிட்டீங்க. பறங்கியர் ஞாபகம் வரல்லையோ? எங்கட அம்மம்மா வீட்டில போர்த்துக்கேயம் கதைப்பா, நான் அரைவாசி விளங்குவன். பேர் ஒல்லாந்தப் பேர், பாஷை போர்த்துக்கேயம், சண்டை பிடிக்கிறது மட்டும் தமிழில. சுனாமியில எங்கட டச்பார்க் குடியிருப்புப் போனதுக்குப் பிறகு சனம் ஊருக்குள்ள சிதறிட்டு. ஆனாக் கலியாண வீடெண்டா இப்பவும் வயலின் எடுத்துக் கப்ரிஞ்ஞா ஆடுவம். கோட்டைய மச்சாளுக்குக் காட்டக்குள்ள சொல்லுங்க, 1628இல போர்த்துக்கேயர் கட்டினாங்க, 1638இல ஒல்லாந்தர் புடிச்சிட்டாங்க. பத்து வருஷம்தான் வெச்சிருக்கக் கிடைச்சுது, பாஷை மட்டும் நாநூறு வருஷமா நிக்கிது.

சைக்கிள்_உழத்தி | சனி மத்தியானம் 1.30

அண்ணே, காலிய விடுங்க. கொழும்பையும் விடுங்க. நான் சொல்ற ரோட்டு உங்கட வாசல்லயே முடியிது. கொழும்பில தொடங்கிற ஏ4 பாதை இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை எல்லாம் சுத்தி, லகுகல காட்டுக்குள்ளால பொத்துவில் வந்து, கரையோரமா மட்டக்களப்புக்கு வந்து சேருது. பொத்துவில்ல இருந்து மட்டக்களப்பு மட்டும் நான் சைக்கிள்ள ரெண்டு தரம் வந்திரிக்கன். அத வான்ல வந்தாக் கூட ஒரு முழு நாள் ஒதுக்குங்க.

அக்கரைப்பற்றில இருந்து வடக்க முப்பது கிலோமீற்றர் போல வரும். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் முஸ்லிம் ஊர். மறுகா காரைதீவு தமிழ். அங்கால மாளிகைக்காடு, சாய்ந்தமருது முஸ்லிம். கல்முனையில ரெண்டும். பாண்டிருப்பு தமிழ், மருதமுனை முஸ்லிம், பெரியநீலாவணை தமிழ். ஒரு ஊர் முடிஞ்சு மத்த ஊர் தொடங்கிற இடத்தில மதிலும் இல்ல, வேலியும் இல்ல. சில இடத்தில ஒரு ஒழுங்கைதான். கடைப் பேரப் பாத்தாத்தான் ஊர் மாறினது தெரியும். காரைதீவு விபுலானந்த அடிகள் பொறந்த ஊர். அவடத்தக் கண்ணகி அம்மன் கோயில். பாண்டிருப்பில திரௌபதை அம்மன், தீ மிதிப்பு. மருதமுனையில கைத்தறி, சாரம் வாங்காம வராதீங்க.

அக்கரைப்பற்றுக்கு உள்ளுக்க அளிக்கம்பை எண்டொரு ஊர் இரிக்கு. பாம்பாட்டிப் பரம்பரை, வீட்டில தெலுங்கு கதைப்பாங்க, கும்பிடுறது மாதாவ. வாகரைப் பக்கம் பால்சேனை, கதிரவெளியில கரையோர வேடர், அவங்க கதைக்கிறது தமிழ். இதெல்லாம் ரெண்டு மாவட்டத்துக்குள்ள. பதினொரு நகரம் என்னத்துக்கு?

சும்மாஒருவன் | சனி மத்தியானம் 2.02

மதிலும் இல்ல வேலியும் இல்லையோ? தமிழர் தனியாக் கேக்கிற கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் எத்தின வருஷமா இழுபடுது எண்டு சைக்கிள் தம்பிக்குத் தெரியாதாக்கும். வேலி மண்ணில இல்ல, வரைபடத்தில கிடக்கு. 1990இல அந்த ரோட்டில ஆரார் ஓடினது எண்டு கேட்டுப் பாத்துட்டுச் சைக்கிள் ஓடுங்க.

காத்தான்குடி_காக்கா | சனி பின்னேரம் 4.48

தெரியும் தம்பி. ரெண்டு பக்கமும் தெரியும். 90இல எங்கட பள்ளிக்குள்ள தொழுத சனத்தக் கொன்னதும் தெரியும், சத்துருக்கொண்டான்ல தமிழ்ச் சனத்தக் கொன்னதும் தெரியும். அத மறைச்சிப்போட்டு ஊர் காட்டச் சொல்லல்ல. அந்தப் புள்ள கேட்டா, எது நடந்ததோ அதச் சொல்லுங்க. ஆனா அதுக்காக ஒழுங்கையால நடக்காம இரிக்கேலாது.

இழைப்_பொறுப்பாளர் | சனி பின்னேரம் 5.10

பிரதேச செயலகத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடிபடுங்கள். இங்கே பயணம் மட்டும்.

கல்லடிப்பாலம் | சனி இரவு 8.30

நன்றி எல்லாருக்கும். சும்மாஒருவன் அண்ணே, உங்கள்ல கோவமில்ல. எங்கட அப்பா சாகும்வரைக்கும் மன்னம்பிட்டிக்கு அங்கால போனதில்ல. புணாணைச் சோதனைச் சாவடியில ஒரு முற நாள் முழுக்க வெயில்ல நிண்டுபோட்டுத் திரும்பி வந்தவர், பிறகு "எனக்கு இந்த ஆறு போதும்" எண்டுட்டார். அதாலதான் எனக்கு இந்தச் சுத்தற ஆச, பட்டியல் நீண்டதும் அதாலதான்.

சரி, சிவனொளிபாதம், காலி, கொழும்பு வெட்டியாச்சு. மறுகா?

பழைய_கார்ட் | சனி இரவு 9.25

இப்போது கதை சரியாகிறது. ஒரு வட்டமாகப் போடுங்கள். பொலனறுவையைத் தனியாக ஒரு நாள், ரயிலில் போய் வாருங்கள். பிறகு வானில் செங்கலடியால் பதுளை வீதி பிடித்து மகா ஓயா. வெந்நீர் ஊற்றில் மகன் கால் நனைக்கட்டும். மகியங்கனை, அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கண்டி. அம்மாவுக்கு வாந்தி வருமென்றால் முன் சீற். பிறகு நுவரெலியா, அப்புத்தளை, எல்ல, வெல்லவாய. வெல்லவாயவுக்குப் பக்கத்தில் புதுருவகல, பாறையில் ஏழு உருவம், நடுவில் நிற்கும் புத்தர் 50 அடிக்கு மேல். அவருக்கு இரு பக்கமும் நிற்கிற மகாயானப் போதிசத்துவர்களை இந்தத் தேரவாத நாட்டில் காண்பதே ஒரு புதினம். பிறகு கதிர்காமம், புத்தள, மொனராகலை, பொத்துவில், சைக்கிள் தம்பி சொன்ன வீதி, வீடு.

யாழ்ப்பாணத்தை இந்த முறை விடுங்கள். அங்கே ஐந்து நாளாவது வேண்டும். காலியில் ஒன்று மட்டும் தவறும், ஆனால் அது காலியிலும் இல்லை: சீனத் தளபதி செங் கே கொண்டுவந்த மும்மொழிக் கல். 1409ஆம் ஆண்டு பொறித்தது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. 1911இல் காலித் தெருவில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்து எடுத்தார்கள். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். மச்சாள் விமானம் ஏறப் போகும் நாளில் நேரமிருந்தால் பாருங்கள்.

கொழுந்துக்கூடை | சனி இரவு 9.50

சிங்களத்துக்குப் பயப்படாதீங்க. அக்கா நமக்கும் அக்காதான், அவங்களுக்கும் அக்காதான். மாமாவும் அப்படியே. தங்கச்சின்னா நங்கி, தம்பின்னா மல்லி. ஒண்ணுல மட்டும் கவனம்: நம்ம "ஐயா" மரியாதை, அவங்க "அய்யா" அண்ணன். எங்க மாமா ஒரு கிழட்டுப் பொலிஸ்காரர "ஐயா, ஐயா"ன்னு கும்பிட்டுக் கூப்பிட, அவரு தோள்ல கை போட்டு "மல்லி"ன்னுட்டாரு. எறங்கணும்னா "பஹினவா". இது தெரிஞ்சா பஸ்ல நாடு சுத்தலாம்.

ஆரையம்பதி_ஆச்சி | ஞாயிறு காலை 5.55

மகன், நான் பேரப்புள்ள சொல்லச் சொல்ல எழுதுறான். ஆடியில கதிர்காமம் எண்டா உகந்தைக் காட்டுப் பாதை திறந்திருக்கும். நான் மூணு தரம் நடந்திரிக்கன். உகந்தை முருகனக் கும்பிட்டு, கூமுனை தாண்டி, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எண்டு அஞ்சாறு நாள் நடை. ஆனை வரும், "அரோகரா" எண்டா விலகும் எண்டுவாங்க. விலகாட்டி நாமதான் விலகோணும். இப்ப சிங்களப் பொடியன்களும் வேட்டியக் கட்டிக்கொண்டு நடந்து வாறாங்க, எங்கட குழுவில ஒருத்தன் எனக்குத் தண்ணிக் கலன் தூக்கித் தந்தவன். உன்ட அம்மா 64 எண்டா அது ஒரு வயசா? ஆனா வெளிநாட்டுப் புள்ளைக்கு வேணாம், கால் கொப்பளிக்கும்.

கண்டிக்குப் போனா தலதா மாளிகைக்குப் பக்கத்தில பத்தினி தேவாலயம் இரிக்கு, கண்ணகித் தாய்தான். நாங்க வைகாசியில அம்மனுக்குக் குளுத்திச் சடங்கு செய்யிறம், அங்க அவங்க செய்யிறாங்க. தாய் ஒண்டுதான். உன்ட அம்மாவுக்குச் சொல்லு.

கல்லடிப்பாலம் | ஆடிக் கடைசி, திங்கள் இரவு 10.15

இழைய மறந்திட்டன் எண்டு நினைச்சிருப்பீங்க. வந்து சேந்தாச்சு, மச்சாளும் பறந்திட்டா. சொல்றன்.

பொலனறுவையில கல்லக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிச்சம். எழுத்த மச்சாள் ஒண்டொண்டாத் தடவிப் பாத்தா, ரெண்டு எழுத்து வாசிச்சா, மறுகா மகன் அவவுக்கு மூணு எழுத்து வாசிச்சுக் காட்டினான். நடு வெயில்ல அரை மணித்தியாலம். காவலாளிக்கு நாங்க ஏன் நிக்கிறம் எண்டு விளங்கல்ல.

நுவரெலியாவில தங்கின இடம் பிழை. படத்தில ஒண்டு, கதவத் துறந்தா ஒண்டு, சுடுதண்ணி இல்ல, முற்பணம் திருப்பித் தரவுமில்ல. அதில ஒரு நாள் போச்சு, புதுருவகல பாக்கக் கிடைக்கல்ல, பழைய கார்ட் ஐயா மன்னிக்கோணும். கொழுந்துக்கூடைத் தங்கச்சி, படம் எடுக்கல்ல. பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில்ல ஒரு ஆச்சியோட கதைச்சுக்கொண்டிருந்தம். அவட பேர் மச்சாளிட பேர்தான். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் கைய விடல்ல.

கண்டிதான் சொல்லோணும். பத்தினி தேவாலயத்தில அம்மா வரிசையில நிண்டு பழத்தட்டக் குடுத்துப்போட்டுக் கண்ண மூடிக் குளுத்திப் பாட்ட மெல்லப் பாடத் தொடங்கிட்டா. எனக்குப் பயம், ஏசுவாங்களோ எண்டு. கப்புறாளை (அங்கத்தப் பூசாரி) ஒண்டும் சொல்லாமப் பாட்டு முடியுமட்டும் நிண்டார். மறுகா அம்மாட கால் பக்கம் கையக் காட்டி "ஹலம்ப?" எண்டார். எனக்கு விளங்கல்ல, மனிசிக்கும் விளங்கல்ல. அம்மா கண்ணத் துறந்து "ஓம், சிலம்பு" எண்டா. அவர் திருப்பி "சிலம்பு" எண்டு சொல்லிப் பாத்தார். அம்மா "ஹலம்ப" எண்டு சொல்லிப் பாத்தா. அவ்வளவுதான் கதைச்சது. பின்னால நிண்ட சனம் நெருக்கினதால வெளிய வந்திட்டம்.

கதிர்காமத்தில சரியான சனம். கோயில் திரைக்கு அங்கால என்ன இரிக்கு எண்டு மச்சாள் கேட்டா, ஆருக்கும் தெரியாது எண்டம், அத அவ நம்பல்ல. காக்கா, பள்ளிவாசல் முற்றத்தில மகன் உங்கட பேரச் சொல்லி ஒரு ரூபாக் குத்தி போட்டான். நீங்க போறல்ல எண்டது அவனுக்கு ஞாபகமில்ல, நானும் தடுக்கல்ல. புத்தள ரோட்டில ஒரு ஆனை வானுக்குள்ள தும்பிக்கைய விட்டு அம்மாட வாழப்பழச் சீப்பத் தூக்கிட்டுப் போச்சு. அம்மா அரோகரா சொல்ல முதல் முடிஞ்சுது.

கரையோர ரோட்டுக்கு ஒரு நாள் போதல்ல, ரெண்டு நாள் நிண்டம். மருதமுனையில மச்சாள் ஏழு சாரம் வாங்கினா. ஏன் ஏழு எண்டு இன்னும் தெரியாது.

சும்மாஒருவன் | திங்கள் இரவு 10.31

பெயர்ப்பலகை பாத்தீங்களா?

கல்லடிப்பாலம் | திங்கள் இரவு 10.40

எண்ணினம் அண்ணே. மகன் கொப்பியில எழுதி வெச்சிரிக்கான். வீடு வந்து சேரக்குள்ள 23 பிழை. படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லிப் போட்டுத்தான் படுத்தவன்.

சைக்கிள்_உழத்தி | திங்கள் இரவு 11.02

அண்ணே, அந்த வான்காரர் நல்ல மனுசனா? வாற மாசம் எங்கட ஆக்கள் எட்டுப் பேர் போகோணும். நம்பர தனி மடல்ல போட்டு விடுங்க.